மைசூர் ரயிலும் முப்பத்தாறு ஒட்டகங்களும்

பெங்களூரில் மைசூர் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் கெங்கேரி, பிடதி, ராமநகரம், சென்னபட்டணா, மத்தூர், மண்டியா, பாண்டவபுரா, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று ஊர் ஊராக நின்று போகும். மத்தூரில் வடை வாங்கித் தின்னாமல் இந்தப் பயணம் நிறைவதில்லை என்பார்கள். மைசூர் சமஸ்தானத்தின் காலத்தில், 1882-ல், மீட்டர் கேஜ் பாதையாக மைசூர் வரை போய்ச் சேர்ந்த தடம் இது. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திராத டெல்லிப் பிள்ளைகளும் பாட்னாப் பிள்ளைகளும் இந்த ரயிலைத் தங்கள் கணக்கு நோட்டில் ஓட்டியிருக்கிறார்கள். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் அது ஒரு பயிற்சிக் கணக்காக இருந்தது.

கணக்கு இதுதான். மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே 132 கிலோமீட்டர். பாசஞ்சரைவிட எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரம் குறைவாக எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்பிரஸின் சராசரி வேகம் பாசஞ்சரின் வேகத்தைவிட மணிக்கு 11 கிலோமீட்டர் அதிகம். வழியில் நிற்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டாம். இரண்டின் வேகமும் என்ன?

படித்தால் சின்னக் கதை போலத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சமன்பாடாக எழுதியதும் பல பிள்ளைகளின் முகம் வாடிவிடும். காரணம், பின்னம். இருபடிச் சமன்பாடு தனியாக வந்தால் சமாளிப்பார்கள், பின்னம் தனியாக வந்தாலும் சமாளிப்பார்கள். இரண்டும் கைகோத்து வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு பயப்படத் தேவையில்லாத இடம் அது. சொல்லப்போனால், கர்நாடக மண்ணில் எழுதப்பட்ட மிகப் பழைய கணித நூல்களில் ஒன்று இந்தக் கூட்டணிக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. அதற்குப் போவதற்கு முன் ரயிலை ஊர் சேர்த்துவிடலாம்.

பள்ளியில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர் வைப்பார்கள். இந்தக் கட்டுரையில் அதற்கு 'யா' என்று பெயர். இது புதிதாகக் கட்டிய பெயர் அல்ல. நம் பழைய பீஜகணித நூல்களில் தெரியாத எண்ணை 'யாவத்-தாவத்' என்பார்கள். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். எழுதும்போது முதல் எழுத்தை மட்டும் எடுத்து 'யா' என்று குறிப்பார்கள்.

பாசஞ்சரின் வேகம் யா. எக்ஸ்பிரஸின் வேகம் யா + 11. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். பாசஞ்சருக்கு 132/யா மணி, எக்ஸ்பிரஸுக்கு 132/(யா + 11) மணி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மணி:

132/யா − 132/(யா + 11) = 1

பின்னம் இங்கே எப்படி வந்தது என்று பாருங்கள். தேர்வில் தொல்லை கொடுப்பதற்காக யாரும் அதைச் செருகவில்லை. வேகம் கூடினால் நேரம் குறையும் என்பது உலக நடப்பு. அந்த நடப்பை எழுத்தில் எழுதினால் தெரியாத எண் பகுதியில்தான், அதாவது கோட்டுக்குக் கீழேதான், போய் உட்காரும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை, இரண்டு குழாய் சேர்ந்து நிரப்பும் தொட்டி, ஆற்றோட்டத்தோடும் எதிர்த்தும் போகும் படகு, எல்லாமே இப்படித்தான். பின்னத்தைக் கண்டதும் கதையை மறந்துவிடுகிறவர்கள் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு பின்னத்தையும் 'இது இன்னாருடைய நேரம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதுகிறவர்கள் தடுமாறுவதில்லை.

அடுத்த வேலை, பகுதிகளை அகற்றுவது. யா, யா + 11 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு அவற்றின் பெருக்கற்பலன். அதனால் சமன்பாடு முழுவதையும் பெருக்க வேண்டும். 'முழுவதையும்' என்ற சொல்லில்தான் மதிப்பெண் போகிறது. இடப்பக்கத்துப் பின்னங்களைப் பெருக்கிவிட்டு, வலப்பக்கத்தில் தனியாக நிற்கும் 1-ஐ மறந்துவிடுவார்கள். அந்த 1 பின்னம் போலத் தெரிவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. ஆனால் அதுவும் தராசின் ஒரு தட்டில் இருக்கும் எடைதான். ஒரு தட்டைப் பெருக்கி இன்னொன்றை அப்படியே விட்டால் முள் சாய்ந்துவிடும்.

சரியாகப் பெருக்கினால்:

132(யா + 11) − 132யா = யா(யா + 11)

இடப்பக்கத்தில் 132யா வந்த வழியே போய்விடுகிறது. மிச்சம் 1452. ஆக, யா² + 11யா − 1452 = 0. பெருக்கினால் 1452, வித்தியாசம் 11 வரும் இரண்டு எண்கள் எவை? 44-ம் 33-ம். (யா + 44)(யா − 33) = 0. விடை 33, அல்லது −44.

பாசஞ்சரின் வேகம் 33, எக்ஸ்பிரஸின் வேகம் 44. சரிபார்க்கலாம்: 132-ஐ 33-ஆல் வகுத்தால் 4 மணி, 44-ஆல் வகுத்தால் 3 மணி. ஒரு மணி நேரம் வித்தியாசம். ரயில் ஊர் சேர்ந்துவிட்டது.

பெரும்பாலான வகுப்பறைகளில், 'வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே −44-ஐ விட்டுவிடுக' என்று ஒரு வரி எழுதி அடிக்கோடிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அந்த வரி தவறில்லை. ஆனால் −44-ஐ இன்னொரு தடவை பாருங்கள். 44 என்பது எக்ஸ்பிரஸின் வேகம். பாசஞ்சரைத் தேடினோம், தள்ளிவிட்ட விடையில் எக்ஸ்பிரஸின் வேகம் குறைக்குறியோடு வந்து நிற்கிறது. தற்செயலா?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து விருத்தாசலம் 240 கிலோமீட்டர். பாசஞ்சருக்கு எக்ஸ்பிரஸைவிட ஒரு மணி நேரம் கூடுதல். வேக வித்தியாசம் 20. சமன்பாடு யா² + 20யா − 4800 = 0. விடைகள் 60, −80. பாசஞ்சர் 60, எக்ஸ்பிரஸ் 80. மறுபடியும் அதே கதை!

காரணம் சமன்பாட்டின் உடம்பிலேயே இருக்கிறது. மைசூர்க் கணக்கில் யா இருக்கும் இடத்தில் −(யா + 11) என்று போட்டுப் பாருங்கள். முதல் பின்னம் இரண்டாவதாகிவிடும், இரண்டாவது முதலாகிவிடும், குறிகளும் இடம் மாறி, சமன்பாடு பழையபடியே நிற்கும். இரண்டு ரயில்களும் நாற்காலி மாற்றி உட்கார்ந்ததுபோல. அதனால் 33 விடையானால் −(33 + 11) ஆகிய −44-ம் விடையாகியே தீரவேண்டும். தள்ளிவிடப்பட்ட விடை குப்பை அல்ல. தேடாமலே கிடைத்த எக்ஸ்பிரஸ் வேகம். இதை ஒரு தடவை கண்டுபிடித்த மாணவி, ரயில் கணக்கில் தன் விடையைச் சரிபார்க்க இன்னொரு வழியைக் கையில் வைத்திருக்கிறாள்.

இன்னொரு சங்கதி. இன்று பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயில் பாதையின் உண்மையான தூரம் சுமார் 138 கிலோமீட்டர். பாடநூலில் ஏன் 132? 138 என்று வைத்துப் போட்டுப் பார்த்தால் புரியும். யா² + 11யா − 1518 = 0 என்று வரும். சூத்திரத்தில் போட்டால் வர்க்கமூலத்துக்குள் 121 + 6072 = 6193. அது முழு வர்க்கம் அல்ல. அதன் மூலம் ஏறத்தாழ 78.7. பாசஞ்சரின் வேகம் சுமார் 33.85 என்று இழுக்கும். 132 என்று வைத்தால் அதே இடத்தில் 5929 வருகிறது. அது 77-ன் வர்க்கம். ஆறு கிலோமீட்டரைக் குறைத்தால் விடை சுத்தமாக வந்து விழுகிறது. நிஜ வாழ்க்கையில் தூரங்கள் இப்படி இணங்கிவருவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தசமப் புள்ளி வந்தவுடன் 'தப்பாகப் போட்டுவிட்டோம்' என்று சரியான விடையை அடித்துவிடுவார்கள்.

பெங்களூர் வீட்டுக்காரர்களுக்கு ரயிலைவிட நெருக்கமானது தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. தரைக்குக் கீழே சம்ப், மாடியில் தொட்டி, நடுவில் மோட்டார் என்று வாழும் ஊர் இது. அதே பாடநூலில் இருந்த கணக்கு: இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரு தொட்டியை 9 3/8 மணி நேரத்தில் நிரப்புகின்றன. பெரிய குழாய் தனியாக நிரப்பினால் சின்னதைவிடப் பத்து மணி நேரம் குறைவாக ஆகும். தனித்தனியே எவ்வளவு நேரம்?

சின்னக் குழாய்க்கு யா மணி என்றால், ஒரு மணி நேரத்தில் அது தொட்டியின் 1/யா பங்கை நிரப்பும். பெரியது 1/(யா − 10) பங்கு. 9 3/8 என்பது 75/8. ஆக இரண்டும் சேர்ந்து ஒரு மணியில் 8/75 பங்கு. பகுதிகளை அகற்றிச் சுருக்கினால் 4யா² − 115யா + 375 = 0. விடைகள் 25, 3¾.

இந்தக் கணக்கு ரயில் கணக்கைவிட நுட்பமானது. இரண்டு விடையும் மிகை எண்கள். குறைக்குறி இல்லாததால் எதைத் தள்ளுவது என்று உடனே தெரியாது. சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் இரண்டுமே பொருந்தும். கதைக்குள் கொண்டுபோய் வைத்தால்தான் குட்டு உடையும். சின்னக் குழாய்க்கு மூன்றே முக்கால் மணி என்றால், பெரியதற்கு அதைவிடப் பத்து மணி குறைவு, அதாவது −6¼ மணி. தண்ணீர் திறப்பதற்கு ஆறேகால் மணி நேரம் முன்பே நிரம்பிவிட்ட தொட்டி! விடை 25 மட்டுமே. பெரிய குழாய்க்கு 15.

முதலில் சொன்ன அந்தப் பழைய கணித நூலைத் தேடி இப்போது பெங்களூரிலிருந்து வடக்கே போக வேண்டும். கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்று ஓர் ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் அதன் பெயர் மான்யகேடம், ராஷ்டிரகூடர்களின் தலைநகரம். நிருபதுங்கன் என்று பெயர்பெற்ற அமோகவர்ஷன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட காலம். கன்னடத்தில் இன்று கிடைக்கும் மிகப் பழைய நூலான கவிராஜமார்க்கம் அவன் அவையில் பிறந்தது. அதே அரசனைப் போற்றித் தன் நூலைத் தொடங்குகிறார் மகாவீராசார்யர் என்ற ஜைனக் கணித அறிஞர். ஏறத்தாழ 850-ல் அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய நூல் 'கணிதசாரசங்கிரகம்'. வானியலோடு ஒட்டிக்கொள்ளாமல், கணிதத்துக்கென்றே எழுதப்பட்ட நூல்.

பின்னங்கள் மேல் மகாவீரருக்கு இருந்த பிரியத்தை என்னவென்று சொல்வது! கலாசவர்ணம் என்று பின்னங்களுக்கு ஒரு தனி அத்தியாயம். பகுதிகளைச் சமப்படுத்த எல்லாவற்றையும் கண்மூடிப் பெருக்காமல், மீச்சிறு பொது மடங்கை எடுத்தால் வேலை சுருங்கும் என்று சொன்னவர். அதற்கு அவர் வைத்த பெயர் நிருத்தம். இந்தியக் கணிதத்தில் அதை முதலில் சொன்னவர் அவரே என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் 'மீ.சி.ம.' அதுதான்.

அடுத்த அத்தியாயம் பிரகீர்ணகம். ஒரு கூட்டத்தின் பங்கு, மிச்சத்தின் பங்கு, கூட்டத்தின் வர்க்கமூலம், பங்கின் வர்க்கம் என்று பத்து வகைக் கணக்குகள். இன்றைய பாஷையில் சொன்னால், பின்னம் கலந்த இருபடிச் சமன்பாடுகளின் தோட்டம். அதில் ஒரு கணக்கு ஒட்டகங்களைப் பற்றியது. ஒரு மந்தையில் கால்பங்கு காட்டில் தென்பட்டது. மந்தையின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கு மலைச்சரிவுக்குப் போய்விட்டது. மிச்சம் பதினைந்து ஆற்றங்கரையில். மொத்தம் எத்தனை?

மந்தையின் வர்க்கமூலத்தை யா என்று வைத்தால் மந்தை யா². அப்போது:

யா²/4 + 2யா + 15 = யா²

மகாவீரர் சொல்லும் வழி பின்னத்தைக் கண்டு ஓடாத வழி. ஒன்றில் கால்போனால் முக்கால். வர்க்கமூலத்தின் முன் நிற்கும் 2-ல் பாதி 1. அதை முக்காலால் வகுத்தால் 4/3. பதினைந்தை முக்காலால் வகுத்தால் 20. நான்கு-மூன்றின் வர்க்கம் 16/9. அதோடு 20 சேர்த்தால் 196/9. அதன் மூலம் 14/3. அதோடு 4/3 சேர்த்தால் 18/3, அதாவது 6. ஆறின் வர்க்கம் 36. காட்டில் 9, மலையில் 12, கரையில் 15. கூட்டினால் முப்பத்தாறு ஒட்டகங்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன.

யா-வுக்கு இன்னொரு விடையும் உண்டு: −10/3. அதை வர்க்கித்தால் மந்தையில் 11 1/9 ஒட்டகம். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மிகை எண்ணை வர்க்கித்தாலும் குறை எண்ணை வர்க்கித்தாலும் மிகை எண்ணே வரும், ஆகவே வர்க்கத்துக்கு மிகையாக ஒன்றும் குறையாக ஒன்றும் என இரண்டு மூலங்கள் உண்டு, குறை எண் எந்த எண்ணின் வர்க்கமும் அல்லாததால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாக எழுதிவைத்தவரும் மகாவீரரே. நம் பாடநூல் 'மெய் மூலங்கள் இல்லை' என்று சொல்லும் இடம் அது.

இந்த நூல் நம் கைக்கு வந்த கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த ம. ரங்காசார்யர், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பையும் வகித்தார். இந்தியக் கணித வரலாற்றுக்கு வெளிச்சம் தரும் சுவடி ஏதாவது அங்கே இருக்கிறதா என்று கல்வித் துறை இயக்குநர் ஸ்டூவர்ட் கேட்க, ரங்காசார்யர் தேடினார். கிடைத்தவை இந்த நூலின் முழுமையில்லாத பிரதிகள். மைசூரிலிருந்தும் மூடபித்ரி ஜைன மடத்திலிருந்தும் வேறு பிரதிகள் கிடைக்க, ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் சேர்த்து 1912-ல் சென்னை அரசு அச்சகம் வழியாக வெளியிட்டார். அதற்கு முன்பே, 1908-ல் ரோம் நகரில் கூடிய உலகக் கணித மாநாட்டில், நியூயார்க்கின் டேவிட் யூஜின் ஸ்மித் இந்த நூலைப் பற்றிக் கட்டுரை வாசித்திருந்தார். மான்யகேடத்து ஒட்டகங்கள் சுவடியிலிருந்து இறங்கி உலகம் சுற்றத் தொடங்கியது அப்போதுதான். இவ்வளவு செய்த ரங்காசார்யர் பெயர் தமிழ்நாட்டுக் கணித வகுப்புகளில் ஒலிப்பதே இல்லை என்பது வருத்தமான விஷயம்.

மகாவீரர் பின்னத்தை நேருக்கு நேர் சந்தித்தார். அதைத் தலைகாட்டவே விடாத வழி ஒன்றும் நம்மிடம் உண்டு. அதைத் தந்தவர் ஸ்ரீதரர். அவருடைய பீஜகணித நூல் தொலைந்துபோய்விட்டது. அதிலிருந்த விதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசார்யர் தன் நூலில் எடுத்துச் சொன்னதால் பிழைத்தது. வட மாநிலங்களில் இருபடிச் சூத்திரத்தை ஸ்ரீதராசார்யர் சூத்திரம் என்றே சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளியில் வர்க்கப் பூர்த்தி முறை சொல்லித்தரும்போது, முதலில் யா²-ன் முன்னால் நிற்கும் எண்ணால் எல்லாவற்றையும் வகுக்கச் சொல்வார்கள். அங்கேதான் பின்னம் முளைக்கிறது. ஒட்டகச் சமன்பாட்டை நான்கால் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் 3யா² − 8யா = 60. மூன்றால் வகுத்தால் உடனே 8/3 வந்துவிடும். பிறகு அதில் பாதி, அதன் வர்க்கம் என்று வளரும். ஸ்ரீதரர் வகுக்கச் சொல்லவில்லை, பெருக்கச் சொன்னார். யா²-ன் முன் நிற்கும் எண்ணை நான்கு மடங்காக்கி, அதனால் இருபக்கமும் பெருக்கு. பிறகு யா-வின் முன் நிற்கும் எண்ணின் வர்க்கத்தை இருபக்கமும் கூட்டு. அவ்வளவுதான்.

இங்கே அந்த எண் 3. நான்கு மடங்கு 12. பெருக்கினால் 36யா² − 96யா = 720. எட்டின் வர்க்கம் 64; கூட்டினால் 36யா² − 96யா + 64 = 784. இடப்பக்கம் அப்படியே (6யா − 8)-ன் வர்க்கம். வலப்பக்கம் 28-ன் வர்க்கம். ஆக 6யா − 8 = 28. யா = 6. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பின்னம்கூட இல்லை! ஒரு தாளில் இடப்பக்கம் பள்ளி முறையையும் வலப்பக்கம் ஸ்ரீதரர் முறையையும் எழுதிப் பார்த்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கையின் லாகவம் புரியும். பாடநூல்களில் இது சின்ன எழுத்துக் குறிப்பாகப் போய்விடாமல் முதல் முறையாகவே வரவேண்டும் என்று தோன்றுகிறது.

உலகத்தின் மற்ற இடங்களிலும் இந்தப் பின்னம் பழையதுதான். பாபிலோனியர்களின் களிமண் பலகை ஒன்று, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது, சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால், பக்கம் எவ்வளவு என்ற கணக்கோடு தொடங்குகிறது. விடை அரை. கால் உடன் அரை, முக்கால். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கணக்கு. அவர்கள் அறுபதை அடிப்படையாக வைத்து எண்ணியதால் முக்காலை 45 என்றும் அரையை 30 என்றும் எழுதிக்கொண்டார்கள். கடிகாரத்தில் நாம் முக்கால் மணியை 45 நிமிடம் என்பதுபோல.

இனி பாஸ்கரர். 1114-ல் பிறந்தவர். அவருடைய ஊர் இன்றைய கர்நாடகத்தின் விஜயபுரா என்று ஒரு சாராரும், மகாராஷ்டிரத்துச் சஹ்யாத்ரிப் பகுதி என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். 1150-ல் எழுதிய லீலாவதியிலும், அதை அடுத்த பீஜகணிதத்திலும் குரங்கும் வண்டும் அன்னமும் கணக்குப் போட வைக்கின்றன.

ஒரு குரங்குக் கூட்டம். அதில் எட்டில் ஒரு பங்கை, தமிழில் சொன்னால் அரைக்கால் பங்கை, எடுத்து வர்க்கித்தால் வரும் எண்ணிக்கை தோப்பில் துள்ளிக்கொண்டிருக்கிறது. மிச்சம் பன்னிரண்டு குன்றின் மேல். யா²/64 + 12 = யா. அறுபத்து நான்கால் பெருக்கினால் யா² − 64யா + 768 = 0. விடைகள் 48, 16. நாற்பத்தெட்டில் அரைக்கால் 6, வர்க்கம் 36, கூட 12. பதினாறில் அரைக்கால் 2, வர்க்கம் 4, கூட 12. இரண்டும் சரி. பாஸ்கரர் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள மனத்தில் இடம் வேண்டும்.

அடுத்த கூட்டம் வேறு மாதிரி. ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து வர்க்கித்தால் வரும் அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்றே ஒன்று கிளையில் தெரிகிறது. இருபத்தைந்தால் பெருக்கிச் சுருக்கினால் யா² − 55யா + 250 = 0. விடைகள் 50, 5. ஐம்பதில் ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போனால் 7, வர்க்கம் 49, கூட ஒன்று. பொருந்துகிறது. ஐந்தை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் மூன்று போனால் −2. வர்க்கித்தால் 4, கூட ஒன்று, ஐந்து. சமன்பாடு தலையாட்டிவிட்டது. ஆனால் 'ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கைக் கழி' என்றால் என்ன அர்த்தம்? குறையாக நிற்கும் அளவை மக்கள் ஏற்பதில்லை என்று காரணம் சொல்லி, ஐந்தைத் தள்ளினார் பாஸ்கரர். பெங்களூர் வீட்டுத் தொட்டியில் 3¾-ஐத் தள்ளிய அதே காரணம்.

குரங்கையும் குழாயையும் தாண்டி இன்னொரு பொறி இருக்கிறது. அது கதையில் இல்லை, பெருக்கலில் இருக்கிறது. யா²/(யா − 3) = 9/(யா − 3) என்று ஒரு சமன்பாடு. இருபக்கமும் யா − 3 ஆல் பெருக்கினால் யா² = 9. விடை 3, −3. இப்போது 3-ஐப் பழைய சமன்பாட்டில் போட்டால் இரண்டு பகுதியும் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அந்த 3 முதலில் கொடுத்த சமன்பாட்டின் விடையே அல்ல. பகுதியை அகற்றும்போது கூட்டத்தோடு உள்ளே நுழைந்துவிட்ட வெளியாள். விடை −3 மட்டும். இங்கே குறை எண்தான் நிற்கிறது, மிகை எண் போகிறது. 'குறை வந்தால் தள்ளு' என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் சரியானதைத் தள்ளித் தவறானதை எழுதிவைப்பார்கள். அதனால் பெருக்கத் தொடங்குவதற்கு முன்பே தாளின் ஓரத்தில் 'யா 3 ஆகக் கூடாது' என்று குறித்துக்கொள்ளச் சொல்லும் ஆசிரியர்கள் பெரிய உபகாரம் செய்கிறார்கள். இத்தனைக்கும், பூஜ்யத்தால் வகுத்தால் எண் மாறாமல் அப்படியே இருக்கும் என்று மகாவீரரே தவறாக எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய அறிஞரும் இடறிய படி அது.

கன்னட நாட்டில் மகாவீரரை மறக்கவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் பத்மாவதம்மா, கணிதசாரசங்கிரகத்தைக் கன்னட மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். ஹொம்புஜ ஜைன மடம் 2000-ல் வெளியிட்டது. அரைக்காலும் மாகாணியும் முந்திரியும் என்று மிக நுணுக்கமான பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, திண்ணையில் எண்சுவடி ஒப்பித்த தமிழர்களுக்கும் இந்த நூல் முழுதாகத் தமிழில் வந்து சேரவேண்டும். இதிலுள்ள கணக்குகள் நம் பின்னச் சொற்களில் எவ்வளவு இயல்பாக உட்காரும் என்பதற்கு மகாவீரரின் மயில் கணக்கு ஒன்றே போதும்.

ஒரு மயில் கூட்டம். அதில் மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கை, அதே அளவால் பெருக்கினால் வரும் எண்ணிக்கை மாமரத்தில். மாகாணி போக மிஞ்சியதில் ஒன்பதில் ஒரு பங்கை அதே அளவால் பெருக்கினால் வருவதும், கூடப் பதினான்கும் தமால மரத்தில். பகுதியில் 16-ம் 9-ம் மிரட்டினாலும் மொத்த மயில்களை 16யா என்று வைத்துத் தொடங்கினால் மாகாணி யா ஆகிவிடும். மிஞ்சியது 15யா, அதில் ஒன்பதில் ஒன்று 5யா/3. யா² + 25யா²/9 + 14 = 16யா. ஒன்பதால் பெருக்கினால் 34யா² − 144யா + 126 = 0; இரண்டால் வகுத்தால் 17யா² − 72யா + 63 = 0. ஸ்ரீதரர் சொன்னபடி 68-ஆல் பெருக்கி 72-ன் வர்க்கத்தைக் கூட்டினால் (34யா − 72)² = 900. ஒரு விடை யா = 3. மாமரத்தில் 9 மயில், தமால மரத்தில் 25-ம் 14-ம், மொத்தம் 48. இன்னொரு விடை 42/34, அதாவது 21/17. அதைப் பதினாறால் பெருக்கினால் முழு மயில் எதுவும் வராது.